கொக்கடிப் பாறையில் சாம்பிராணி

அனில்குமாருக்குக் கவனம் பத்தாது, அதான் தேனீகிட்ட மாட்டினான்னு டீக்கடையில ஒருத்தன் சொன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு அவன் மூஞ்சியில டீயை ஊத்தியிருப்பேன். ஊத்தல்ல. ஊத்தினா, நீரு ஏன்வே இந்தத் துள்ளு துள்ளுகேருன்னு கேப்பான். அதுக்குப் பதில் என்கிட்ட இருந்தது, வாயிலதான் வரல்ல. அதனால அனில்குமாரைப் பத்தி முதல்ல இருந்து சொல்லுகேன். அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சாத்தான் நான் செஞ்சது எப்பேர்ப்பட்ட காரியம்னு விளங்கும்.

தக்கலைக்குக் கிழக்கே எங்க ஊரு. நான் கோலப்பன், போஸ்டாபீஸ் கவுண்டர்ல இருக்கேன், வயசு நாற்பத்தாறு. அனில் என்னைவிட அஞ்சு வயசு இளையவன், ரெண்டு தெரு தள்ளி வீடு. எங்க வீடு சைவம், திருநீறு இல்லாத நெத்தியோட ஒருத்தரும் வாசல் இறங்கமாட்டோம். அவன் வீடு அய்யாவழி. நெத்தியில நாமம் உண்டு, சூடம் சாம்பிராணி ஒண்ணும் கிடையாது. அவன் பதினோரு வருஷம் துபாய், அபுதாபின்னு கயித்துல தொங்கி வேலை பாத்தவன். அறுபது மாடிக்குக் கண்ணாடி துடைக்கது, கடலுக்குள்ள நிக்க எண்ணெய்க் கிணத்துக்குப் பெயிண்ட் அடிக்கது, இதுதான் ஜோலி. அங்க கூட வேலை பாத்த வெள்ளைக்காரன் ஒருத்தன் வெள்ளிக்கிழமை லீவுக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாறை கேறப் பழக்கிவிட்டான். கொரோனா சமயத்துல ஊருக்குத் திரும்பி வந்தப்போ, மத்தவனெல்லாம் கம்பளியும் சென்ட்டும் கொண்டு வர, இவன் ரெண்டு பெட்டி நிறைய கயிறும் கொக்கியும் கொண்டு வந்தான். அவன் பெண்டாட்டி சுபிதா பெட்டியைத் திறந்து பாத்துட்டு ரெண்டு நாள் அவன்கிட்ட பேசல்லன்னு கேள்வி.

ஊருக்கு வந்த பிறகு உசரத்துல வேலைன்னா அனில்தான். தண்ணி டேங்குக்கு வெள்ளையடிக்கணும், சர்ச் கோபுரத்துல பல்பு மாட்டணும், கோயில் கோபுரத்துல முளைச்ச ஆலங்கன்னைப் பிடுங்கணும், எல்லாத்துக்கும் அவன் நம்பர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடப்பிடாது. அன்னைக்கு அவன் கொக்கடிப் பாறைக்குப் போயிருவான்.

வேளிமலை அடிவாரத்துல, வயலுக்கும் குளத்துக்கும் நடுவுல நூறு அடி உசரத்துக்கு ஒத்தையா நிக்க பாறை அது. கோயில் கிடையாது, அருவி கிடையாது, போட்டோ பிடிச்சுப் போட ஒரு எழவும் கிடையாது. அதனால ஒருத்தனும் வரமாட்டான். பாறை உச்சியில இருந்து அடிவரைக்கும் ஒரு விரிசல் ஓடும். அதுல கையையும் காலையும் திணிச்சுத்தான் கேறணும். ரொம்பக் கஷ்டமும் இல்ல, ரொம்ப லேசும் இல்ல. தொப்பை வச்ச நானே கேறியிருக்கேன்னா பாத்துக்கிடுங்க.

நான் போனது கேலி பண்ணத்தான். துபாயில தொங்கினது போதாதாலே, இங்கயும் தொங்கணுமான்னு கேக்கப் போனவன், ரெண்டாவது ஞாயித்துக்கிழமை இடுப்புல வாரைக் கட்டிக்கிட்டு நின்னேன். கைமுட்டி எல்லாம் தோல் உரிஞ்சு வீட்டுக்கு வந்தா, கவுண்டர்ல முத்திரை குத்துத மனுசனுக்கு இந்தக் கேடு என்னத்துக்குன்னு வீட்டுல திட்டு. ஆனா அந்தப் பாறை மேல உக்காந்து கீழ வயலைப் பாத்தா, ஆறு நாள் கவுண்டர்ல கேட்ட வசவு எல்லாம் காத்துல போயிரும். மூணு வருஷம், மழை ஞாயிறு தவிர ஒரு ஞாயிறும் தப்பல்ல.

வேலை இப்படி. முன்னால கேறுதவன் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டுப் போவான். போற வழியில விரிசல்ல ஆப்பையோ நண்டையோ சொருகி, அதுல கயித்தை மாட்டுவான். நண்டுன்னது நாங்க வச்ச பேரு. ஸ்பிரிங் வச்ச கருவி அது, அமுக்கி உள்ள விட்டா வரப்புப் பொந்துக்குள்ள நண்டு கால் விரிச்ச மாதிரி பிடிச்சுக்கிடும். கீழ நிக்கவன் கயித்தோட மறுபக்கத்தைக் கையில வச்சுப் பைய விடுவான். மேல இருக்கவன் வழுக்கினா இவன் பிடிச்சு நிறுத்தணும். பெறவு ரெண்டாமத்தவன் கேறும்போது சொருகினதை எல்லாம் ஒண்ணு விடாம கழத்தி எடுத்துட்டுப் போகணும். பாறையில துளை போடப்பிடாது, ஆணி அடிக்கப்பிடாது. எங்க சித்தப்பா மகன் மயிலாடியில சிலைப் பட்டறை வச்சிருக்கான். இதைக் கேட்டுட்டு, உளி படாத கல்லுகிட்ட உங்களுக்கு என்னவே ஜோலின்னு சிரிச்சான்.

அனில் கவனத்தைப் பத்திச் சொல்லணும்னா ஒரு காரியம் போதும். முடிச்சைப் போட்டா, போட்டவன் அதை விரலால தொட்டு வாய்விட்டுச் சொல்லிக் காட்டணும். ஒருநாள் எனக்கு அவசரம், சும்மா எல்லாம் சரிதாம்லேன்னு சொல்லிட்டேன். அவன் கயித்தைச் சுருட்டினான், பைக்கை எடுத்தான், வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டான். பதினோரு வருஷத்துல அவன் கயித்துல தொங்கின ஒருத்தனுக்குக்கூட ஒரு கீறல் விழல்ல. மனுசனுக்கு அது ஒண்ணுதான் பெருமை. வேற எதைச் சொல்லிப் புகழ்ந்தாலும் சவத்த விடுங்கம்பான்.

பாறைக்கு வலது பக்கம் நெத்தி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்க இடத்துல ஒரு மலைத்தேனீக் கூடு உண்டு. அனில் வாரா வாரம் பைனாகுலர் வச்சுப் பாப்பான். விரிசல்ல இருந்து நாற்பது அடி தள்ளி இருக்கு, நம்ம சத்தம் போடாம, அது மேல கயிறு படாம பாத்துக்கிட்டா அது நம்மள ஒண்ணும் செய்யாதும்பான். மூணு வருஷம் அது அதுபாட்டுக்கு இருந்தது, நாங்க எங்கபாட்டுக்குக் கேறினோம்.

நான் எப்பவும் ரெண்டாமத்தவன். ரெண்டாமத்தவனுக்கு மேல இருந்து கயிறு பிடிச்சிருக்கும், வழுக்கினாலும் ஊஞ்சல்தான். முன்னால போறவனுக்கு அப்படி இல்ல, கடைசியா சொருகின இடத்துக்கும் கீழ வந்து விழணும். போன மாசியில ஒருநாள் வாய்க்கொழுப்புல, நான் முன்னால போறேம்லேன்னு சொல்லித் தொலைச்சேன். அவன் உடனே, கடைசி ஞாயிறு வச்சுக்கிடுவோம் கோலப்பண்ணேன்னு சொல்லிட்டான். அன்னையில இருந்து எனக்கு ஒரே வெப்ராளம். முத்திரையைத் தப்பான தேதிக்குக் குத்துகேன். பயம்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னா ஒரு மாசம் தள்ளிப் போட்டிருப்பான், அவ்வளவுதான். ஆம்பளைத் திமிரு, சொல்ல விடல்ல.

எங்க வீட்டுல எதைத் தொடங்கினாலும் தேங்காச் சிரட்டையில கனல் போட்டு சாம்பிராணி காட்டாம தொடங்கமாட்டோம். நாத்து நடவும், புது வண்டி எடுக்கவும், பிள்ளை பரீட்சைக்குப் போகவும் எல்லாத்துக்கும் உண்டு. அன்னைக்கு நான் ஒரு பையில சிரட்டையும் காஞ்ச தேங்காத் தொண்டும் ஒரு பிடி சாம்பிராணியும் ஒளிச்சுக் கொண்டு போனேன். அனில் கண்டா சிரிப்பான்னு வெக்கம். பைனாகுலரோட அவன் குளத்தங்கரைக்குப் போன சமயம் பாத்து, விரிசலோட அடியில, கல்லு மறைவுல, உள்ள தள்ளி வச்சுப் பத்தவச்சேன். புகை வெளிய ஒரு இழைகூட வரல்ல. விரிசல் அப்படியே உள்ளுக்கு உறிஞ்சிட்டுது. நல்லதாப் போச்சு, ஒருத்தரும் காணமாட்டாங்கன்னு நினைச்சேன். அனிலுக்கு வாசனை தெரியவும் வழியில்ல. கொரோனா வந்ததுல இருந்து அவனுக்கு மூக்கு செத்துப்போச்சு, மத்தி மீனும் மல்லிப்பூவும் அவனுக்கு ஒண்ணுதான்.

கேறினேன். முடிச்சைத் தொட்டுச் சொல்லிக் காட்டிட்டுத்தான் கேறினேன். நாலு இடத்துல சொருகி மாட்டினேன். நாற்பது அடி உசரம். விரிசலுக்குள்ள முகத்தை வச்சப்போ சாம்பிராணி மணம் வந்தது. சாமி கூடயே வருதுன்னு எனக்கு நெஞ்சு நிறைஞ்சுட்டுது. கூறுகெட்ட மூதி, புகை எங்க போகுதுன்னு யோசிக்கல்ல. விரிசல் மேல போய் வலது பக்கமா ஒரு கிளை பிரியுது. அது கூடு இருக்க நெத்திக்கு அடியிலதான் போய்த் திறக்கு. மூணு வருஷமா நாங்க பாக்க விரிசல்தான் அது.

முதல்ல ஒரு இரைச்சல் கேட்டது. பெறவு வெயில் மங்கின மாதிரி இருந்தது. அனில் கீழ இருந்து, அண்ணே அசையாதீங்க, கையை விட்டுட்டு உக்காருங்க, இறக்குகேன்னு சொன்னான். சத்தமாக்கூடச் சொல்லல்ல. நான் கயித்துல உக்காந்தேன். அவன் என்னை இறக்கினான். என்மேல முப்பது குத்து இருக்கும், முழுக்கைச் சட்டை காப்பாத்திட்டுது. தேனீ அத்தனையும் கீழ போயிட்டுது, அவன் மேல. பனியன் போட்டிருந்தான். கழுத்து, காது, கண்ணிமை எங்கயும் தோல் தெரியல்ல. கயித்தை விட்டுட்டு ஓடியிருந்தா நாலு குத்தோட அறுவடை நடந்த வயலுக்குப் போயிருப்பான். நான் செத்திருப்பேன். அவன் கயித்தை விடல்ல. நாற்பது அடியும் ஒரே நிதானமா இறக்கினான். என் கால் தரையில பட்ட பிறகுதான் அவன் விழுந்தான்.

கும்பப்பூ நெல்லு அறுவடை நடந்துக்கிட்டு இருந்தது. அறுப்பு மிஷின் வச்சிருக்க ரசலையன் பாத்துட்டு வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டுக்கிட்டு ஆளுகளோட ஓடி வந்தாரு. அனிலைத் தூக்கிட்டுப் போனாங்க. நான் பின்னால போகணுமா இல்லையா? நான் திரும்பிப் போனேன். கல்லு மறைவுல கை விட்டு, கனல் அணையாத சிரட்டையை எடுத்துக் குளத்துல எறிஞ்சேன். அதுக்கப்புறம்தான் அவன் பின்னால ஓடினேன்.

ஆஸ்பத்திரியில நூத்துக்கு மேல முள்ளு எடுத்தாங்க. மூணாம் நாள் மூத்திரம் நின்னுட்டுது, மிஷின் வச்சு நாலு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணினாங்க. பதினெட்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தான். அத்தனை நாளும் நான் ஆஸ்பத்திரியில அவன்கூடவே கிடந்தேன். ஊரெல்லாம், கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பாக்கமாட்டான்னு என்னைப் புகழ்ந்தது. சுபிதா எனக்குத் தனியா கஞ்சி கொண்டு வந்து தருவா. சொல்லிரணும், சொல்லிரணும்னு காலையில நினைப்பேன். அவன் பிழைக்கட்டும், பெறவு சொல்லுவோம்னு மத்தியானம் ஆகும். பிழைச்ச பிறகு, இப்போ சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு ஆயிட்டுது.

என்ன ஆகப்போகுதுன்னு பெறவுதான் தெரிஞ்சுது. அனில் நடக்கத் தொடங்கினதும் ஒரே பேச்சு அவனுக்கு. கூடு இருக்கது தெரிஞ்சும் உங்களைக் கேறவிட்டேனே அண்ணே, மாசியில பூக்காலம்னு தெரியாதா எனக்கு, எங்க பிசகினேன், எதைப் பாக்காம விட்டேன்னு நாள் முழுக்க அதுதான். ஒரு நோட்டுல அந்தக் காலையில நடந்ததை நிமிஷம் நிமிஷமா எழுதி வச்சு என்கிட்ட காட்டுவான். நான் அதைப் படிச்சுட்டு, விடுலே, விதின்னு சொல்லுவேன். தண்ணி டேங்கு வேலைக்குக் கூப்பிட்டா போகமாட்டான். சர்ச்சுல இருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகல்ல. முத்தத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்திருப்பான்.

ஆவணியில அபுதாபியில இருந்து அவனோட பழைய கம்பெனி கூப்பிட்டுது. கயித்துல தொங்க இல்ல, மேஸ்திரி மாதிரி மேல நின்னு பாக்க வேலை. ஒவ்வொருத்தன் இறங்கதுக்கு முன்னாலயும் கயிறு, முடிச்சு எல்லாம் சோதிச்சு இவன் கையெழுத்துப் போடணும், அதுக்குப் பெறவுதான் அவன் இறங்குவான். பதினோரு வருஷம் அனில் ஆசைப்பட்ட இடம் அது. அவன் மாட்டேன்னுட்டான். என்கிட்ட சொன்னான், "இனி ஒருத்தன் உயிருக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் அண்ணே. எனக்குக் கண்ணு பத்தாது." நான் அதுக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்.

புரட்டாசி முதல் வாரம் சுபிதா எங்க வீட்டுக்கு வந்தா. கம்பெனிக்காரன் மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பானாம். இதையும் விட்டா மனுசன் இப்படியே நாற்காலியில உக்காந்து மக்கிப் போயிருவாரு, நீங்க சொன்னா கேப்பாரு அண்ணேன்னு அழுதா. எங்க வீட்டுல எல்லாரும் என்னைப் பாத்தாங்க. தனக்குத் தலைவலி வந்தா முடியலயேன்னு ஊரைக் கூட்டுத ஆளு நான். அடுத்தவன் வாழ்க்கையையே மடியில வச்சுக்கிட்டு ஏழு மாசம் வாயைத் திறக்கல்ல.

ஞாயித்துக்கிழமை போனேன். வீட்டுக்குப் பின்னால மாட்டுத் தொழுத்துப் பக்கம் அனில் குத்த வச்சிருந்தான். கையில கத்தி. அறுபது மீட்டர் கயித்தை முழம் போட்டு முழம் போட்டு வெட்டிக்கிட்டு இருந்தான், மாடு கட்ட. மூணு துண்டு ஏற்கெனவே கிடந்தது.

வெட்டாதலேன்னேன். ஏன், இனி என்னத்துக்கு இதுன்னான். நின்னுக்கிட்டே சொன்னேன். உக்காந்தா சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும்.

"சிரட்டையில சாம்பிராணி போட்டு விரிசலுக்குள்ள வச்சது நான். பயத்துல வச்சேன். புகைதான் கூட்டைக் கலைச்சுது. உன் கண்ணுல ஒரு பிசகும் இல்ல மக்கா. நீ பாத்தது எல்லாம் சரி."

அவன் கத்தியைத் தரையில வச்சான். திட்டுவான், அடிப்பான்னு நினைச்சேன், அடிச்சா நல்லதுன்னுகூட இருந்தது. அவன் அதைச் செய்யல்ல. மேஸ்திரி விசாரிக்க மாதிரி ஒவ்வொண்ணா கேட்டான். எந்த இடத்துல வச்சீங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவு தொண்டு, காத்து எங்க இருந்து அடிச்சுது. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கேக்கக் கேக்க அவன் முதுகு நிமிர்ந்துது. பாரம் இறங்குதது எனக்கே தெரிஞ்சுது. சவம், இதை முதல் நாளே சொல்லியிருந்தா என்னன்னு என் நெஞ்சு என்னைக் குத்திச்சு. பெறவு அவன், சிரட்டை எங்கன்னு கேட்டான். குளத்துல எறிஞ்சேன்னேன். எப்போன்னான். உன்னைத் தூக்கிட்டுப் போகும்போதுன்னேன்.

அதைக் கேட்டதும் வெட்டின துண்டு ஒண்ணை எடுத்துப் பையச் சுருட்டினான். மாடு ரெண்டு தடவை கத்திச்சு. பெறவு என் முகத்தைப் பாக்காமலே சொன்னான்.

"சாம்பிராணி வச்சது தெரியாம செஞ்ச காரியம். அதை விடும். சிரட்டையை எறிஞ்சேருல்லா, அப்போ உமக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னையில இருந்து நான் எங்க பிசகினேன்னு தேடிக்கிட்டே கிடந்தேன். நீரு பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேரு."

மூணு வருஷத்துல அவன் என்னை நீருன்னு சொன்னது கிடையாது. அண்ணேன்னு கூப்பிடுத முறை போயிட்டுதுன்னு விளங்கிச்சு. போயிட்டு வாறேன்னு சொன்னேன். அவன் வெட்டின துண்டுகளை ஒண்ணா அடுக்கிக்கிட்டு இருந்தான்.

மறுநாள் காலையிலேயே அவன் கம்பெனிக்கு போன் பண்ணிட்டான்னு பெறவு கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம், பொய் சொல்லல்ல. ஆனா சந்தோஷப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னும் தோணிச்சு. ரெண்டு ஞாயிறு போச்சு. அவன் கூப்பிடல்ல, நானும் அந்தத் தெரு வழியா போகல்ல.

போன வியாழக்கிழமை சுபிதா போஸ்டாபீஸுக்கு வந்தா. அனிலோட சர்ட்டிபிகேட்டை எல்லாம் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பணும். கவரை நீட்டிட்டு, நீங்க என்ன மந்திரம் போட்டீங்களோ அண்ணே, மனுசன் ஆளே மாறிட்டாரு, ராத்திரி உறங்குதாரு, சிரிக்காருன்னு சொல்லிக் கும்பிட்டா. ஐப்பசியில எங்க மக கிருஷ்ணப்ரியாவுக்குக் கல்யாணம். தோவாளையில இருந்து பூ எடுத்து மாலையும் ஜடையும் நானே கட்டித் தாறேன், நீங்க வெளிய ஆளு வைக்கப்பிடாதுன்னும் சொன்னா. அனில் அவகிட்ட ஒண்ணும் சொல்லல்லன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது.

அவளுக்குப் பின்னால நாலு பேர் வரிசையில நின்னாங்க. சிரிச்சுத் தலையாட்டிட்டா முடிஞ்சுது. அப்படித்தான் ஏழு மாசம் ஓட்டினேன். கவரைத் தராசுல வச்சுட்டு, எல்லாத்தையும் அவகிட்ட சொன்னேன். சிரட்டையைக் குளத்துல எறிஞ்சது வரைக்கும் சொன்னேன். வரிசையில நின்னவங்களும் கேட்டாங்க, கேக்கட்டும்.

சுபிதா கவுண்டர் பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவருக்குத் தெரியுமான்னு கேட்டா. தெரியும், அன்னைக்கு வந்து அதைத்தான் சொன்னேன்னேன். கல்யாணம் முடியட்டும்னு என்கிட்ட சொல்லாம இருந்திருப்பாருன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. அவ அழல்ல. எனக்காக அத்தனை நாள் கஞ்சி சுமந்து வந்தவ, என்னைப் புதுசா பாக்க மாதிரி பாத்தா.

"கல்யாணத்துக்கு நான் வருவேன். பிள்ளை என்ன பாவம் செஞ்சா? பூவும் கட்டித் தருவேன், பந்தியில உக்காந்து சாப்பிடவும் செய்வேன். எனக்கு இலையில சோறு விளம்ப மட்டும் நீங்க வராதீங்க."

நான் சரின்னு சொன்னேன். முத்திரையைக் குத்தி ரசீதைக் கொடுத்தேன். அவ வாங்கிப் பைக்குள்ள வச்சுட்டுப் படி இறங்கிப் போனா. அடுத்தவர் பாஸ்புக்கை நீட்டினாரு.